முழுப் படம் என்னும் பிடிவாதம்

2012 அக்டோபரில் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் பால்வெளியின் மையப் பகுதியைக் காட்டும் படம் ஒன்றை வெளியிட்டது. சிலி நாட்டின் பரானலில் இருக்கும் விஸ்டா தொலைநோக்கி எடுத்த படங்களை இணைத்து உருவானது அது. அகலம் 1,08,500 பிக்சல், உயரம் 81,500 பிக்சல். மொத்தம் கிட்டத்தட்ட 884 கோடிப் பிக்சல். உலகமே புழங்கும் ஜேபெக் வடிவத்தில் அந்தப் படத்தை ஒரே கோப்பாகச் சேமிக்க வழியில்லை. வட்டில் இடம் இருக்கிறது, நினைவகமும் பெரிய கணினிகளில் இருக்கிறது. ஆனால் 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கில் அகலத்தை எழுத இரண்டு பைட், உயரத்தை எழுத இரண்டு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதற்கு மேல் எண்ண அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஜேபெக்கைப் படிக்கவும் எழுதவும் ஏராளமான மென்பொருள்கள் நம்பியிருக்கும் லிப்ஜேபெக் நூலகமோ, கணக்கு எங்கேயும் வழிந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையில், 65,500லேயே நின்றுகொள்ளும்.

படங்களை வரைவதற்கான நிரல் நூலகங்களின் நாற்பதாண்டு வரலாறு முழுக்க இப்படிப்பட்ட எண்கள் விரவிக் கிடக்கின்றன: 256, 2,048, 16,384, 32,767. இவற்றுக்கெல்லாம் காரணம் அந்தந்தக் காலத்து வன்பொருளின் ஏழ்மைதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். படம் என்றால் நினைவகத்தில் இடைவெளியில்லாமல் கிடக்கும் ஒற்றைச் செவ்வகம், அதன் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, தொடங்கும் முகவரி இது என்று நூலகங்கள் செய்த வரையறை வன்பொருளைவிடப் பெரிய தடையாக இருந்தது. வன்பொருள் வளர்ந்த பிறகும் நீடித்தது. தடையைத் தாண்ட நிரலர்கள் கண்ட வழிகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வரையறையை உடைத்தவை. அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலை என்று தொடங்கியவை, காலப்போக்கில் படத்தைக் கையாளும் முறையான வழியாகவே ஆகிவிட்டன.

ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்காக பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிராவிலிருந்து தொடங்கலாம். 1984இல் அந்தக் கணினியின் திரை 512 × 342 பிக்சல், கறுப்பும் வெள்ளையும் மட்டும், நினைவகம் 128 கிலோபைட். ஒரு வரிசைப் பிக்சல்கள் எத்தனை பைட்டுகளில் அடங்கும் என்பதைக் குறிக்க இரண்டு பைட் எண் ஒன்று போதுமென்று அன்றைக்கு முடிவெடுத்ததில் குறைசொல்ல எதுவுமில்லை. 1987இல் வண்ணத் திரையோடு மெக்கின்டாஷ் 2 வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும் புதிய வண்ணப் படத்தையும் ஒரே செயற்கூறு வாங்கி வரைய வேண்டும். கையில் வந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வேண்டும். அந்த வரிசை எண்ணின் மேல்பக்க பிட்டுகளை அடையாளத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த இடத்தில் 16,384க்குக் குறைவான எண்ணைத்தான் எழுத முடியும். கறுப்பு வெள்ளையில் ஒரு பைட்டுக்கு எட்டுப் பிக்சல் என்பதால் அது தடையாகத் தெரியவே இல்லை. ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வேண்டும் என்ற முழு வண்ணக் காலம் வந்ததும் அதே எண் படத்தின் அகலத்தை 4,095 பிக்சலில் நிறுத்தியது. உயரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதாவது நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு படம் நூலகத்துக்குள் போகும். அதையே படுக்கவைத்தால் போகாது. இந்த விசித்திரத்துக்கு எந்தச் சில்லையும் குறைசொல்ல முடியாது.

இது ஆப்பிளுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். சாம் லான்டிங்கா 1998இல் தொடங்கிய எஸ்டிஎல் நூலகம் விளையாட்டு எழுதுவோரிடையே பெரும் புழக்கம் கண்டது. அதன் 1.2 பதிப்பிலும் ஒரு வரிசையின் பைட் நீளத்துக்கு இரண்டு பைட் எண்தான். நான்கு பைட் பிக்சல் என்றால் 16,383 பிக்சலுக்கு மேல் அகலம் கிடையாது. நூலகமும் 16,384 என்று கேட்டாலே கையை விரித்துவிடும். 2013இல் 2.0 பதிப்பு வந்தபோதுதான் அந்த எண் நான்கு பைட்டாக விரிந்தது. எக்ஸ் சாளர முறையின் கதை இன்னும் நீளம். 1987இல் வந்த அதன் 11ஆம் பதிப்பு, ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொரு கணினியின் திரையில் வலைப்பின்னல் வழியாக வரைவதற்கான நெறிமுறை. செய்திகள் சிறியவையாக இருக்க வேண்டும் என்பதால் ஆயத்தொலைவுகள் எல்லாம் 16 பிட். குறி போக 32,767 வரை. திரையே சுமார் ஆயிரம் பிக்சல் அகலம் இருந்த காலத்தில் அது தாராளம்தான். பதினாறு ஆண்டுகள் கழித்து கீத் பேக்கர்டும் கார்ல் வொர்த்தும் தொடங்கிய கைரோ நூலகம் திரைக்கு மட்டுமின்றி அச்சுக்கும் கோப்புக்கும் வரையக்கூடியது. ஆனால் பிக்சல் வேலையை அது ஒப்படைத்த அடித்தள நூலகம், எக்ஸ் உலகத்திலிருந்து வந்த பிக்ஸ்மேன். முழு எண்ணுக்கு 16 பிட், பின்னத்துக்கு 16 பிட் என்பது அதன் கணக்கு. விளைவு, கைரோவில் உருவாக்கும் படத்தின் பக்கம் 32,767 பிக்சலைத் தாண்டாது. எந்தத் திரையும் சம்பந்தப்படாமல், வட்டில் ஒரு கோப்பை எழுத மட்டுமே கைரோவைக் கூப்பிடுபவரும் 1987இல் வலைப்பின்னல் பொட்டலத்துக்குப் பார்த்த சிக்கனத்துக்கு இன்றும் கட்டுப்படுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக் காலத்தில் 32,767 பிக்சல் அகலப் படத்தை வைத்திருக்க யாரிடம் நினைவகம் இருந்தது? எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பெரிதாகவே இருந்திருந்தாலும் பயன் என்ன? கேள்வி நியாயமானது. ஆனால் நினைவகப் பஞ்சம் நேரடியாகத் தாக்கிய இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் விடை வேறு திசையில் போகிறது. 1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் அச்சுப்பொறியில் இருந்தது 128 கிலோபைட். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு ஏ4 பக்கத்தை வெறும் கறுப்பு வெள்ளையில் நிரப்பவே ஒரு மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். கணினியின் பக்கத்திலும் நிலைமை அதேதான். அதனால் விண்டோஸின் அச்சு ஏற்பாடு பக்கத்தைக் கிடைமட்டக் கீற்றுகளாக நறுக்கியது. நிரல் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வரையும். ஒவ்வொரு முறையும் தொடக்கப் புள்ளி கொஞ்சம் இறங்கும். அந்தக் கீற்றுக்குள் விழுவது மட்டும் நிற்கும், மற்றது உதிர்ந்துபோகும். முழுப் பக்கம் என்பது நினைவகத்தில் எந்த நொடியிலும் இருந்ததே இல்லை. ஆனாலும் முழுப் பக்கம் அச்சாகி வந்தது. பஞ்சம் கண்ணுக்குத் தெரிந்ததால் அதற்கேற்ற முறையும் உடனே பிறந்தது. நூலகத்தின் உள்ளே ஒரு எண்ணுக்கு ஒதுக்கிய இடமோ கண்ணுக்குத் தெரியாது. நினைவகம் ஆயிரம் மடங்கு பெருகிய பிறகும் அது அப்படியே கிடக்கும், அதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்ற அச்சத்தால் யாரும் தொடவும் மாட்டார்கள்.

முப்பரிமாண வரைகலைக்கு வந்தால், 1992இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஓப்பன்ஜிஎல் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட நேர்மையானது. ஒரு பொருளின் மேல் போர்த்தும் படத்தை, டெக்ஸ்ச்சரை, எவ்வளவு பெரிதாகக் கொடுக்கலாம் என்று நூலகத்தையே கேட்கலாம். எந்தக் கருவியும் குறைந்தது 64 × 64 ஏற்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. மேலே எவ்வளவு என்பது கருவியின் பாடு. 1.1 பதிப்பில் இன்னொரு நயமான ஏற்பாடு வந்தது: பிக்சல்களை அனுப்பாமலேயே, இந்த அளவில், இந்த வண்ண வகையில் ஒரு படம் வந்தால் ஏற்பாயா என்று ஒத்திகை பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொடக்கத்திலிருந்தே இருந்த விளிம்பு வசதி. டெக்ஸ்ச்சரின் பக்கங்கள் 2இன் அடுக்காக இருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் ஒரு பிக்சல் விளிம்பைக் கூடுதலாகச் சேர்க்கலாம், 256 என்றால் 258. பெரிய படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒட்டும்போது, பக்கத்துத் துண்டின் ஓரப் பிக்சலை இந்த விளிம்பில் எழுதிவைத்தால் தையல் தெரியாது. வரம்பு இருக்கும், நிரலர்கள் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நூலகத்தை வடித்தவர்கள் முதல் நாளே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த ஒப்புதலை விலை மலிந்த சந்தை கண்டுகொள்ளவில்லை. விளிம்பை வன்பொருளிலேயே கையாள வீட்டுக் கணினிக்கான கார்டுகளைச் செய்தவர்கள் அக்கறை காட்டவில்லை, 2008இல் 3.0 பதிப்பு அதை விலக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது, அடுத்த ஆண்டு 3.1இல் மையத் தரத்திலிருந்து போயேவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நிரலர்கள் அந்தத் தையல் வேலையைக் கையால் செய்தார்கள். 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு 256 × 256க்கு மேல் ஏற்காது. நீள அகல விகிதமும் 8க்கு 1ஐத் தாண்டக்கூடாது. அதே ஆண்டு வந்த நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியில் டெக்ஸ்ச்சருக்கு ஒதுக்கிய நினைவகமே 4 கிலோபைட். 16 பிட் வண்ணத்தில் 64 × 32 பிக்சல் வைத்தாலே நிரம்பிவிடும். 1997 ஜனவரியில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ஜிஎல்குவேக் இந்த எல்லைகளுக்குள் எப்படிப் பிழைத்தது என்பது இன்றும் படிக்கக் கிடைக்கும் அதன் மூலநிரலில் தெரிகிறது. நீண்ட சுவர்களைக் களம் தயாரிக்கும் கருவியே முன்கூட்டி நறுக்கிவிடும். ஒவ்வொரு சுவர்த் துண்டுக்குமான ஒளிநிழல் படங்கள் 128 × 128 தாள்களில் நெருக்கி அடுக்கப்படும். திரையடியில் எண்களும் சின்னங்களுமாக வரும் குட்டிப் படங்கள் 256 × 256 தாளில் ஒன்றாகக் குடியேறும். அந்த இடத்தில் வன்பொருளையும் அதன் இயக்கியையும் திட்டி ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரியதை வெட்டுவதும் சிறியவற்றை ஒரே தாளில் அடைப்பதும் எதிரெதிர் வேலைகள்போலத் தோன்றினாலும் இரண்டும் சொல்வது ஒன்றையே: ஓவியர் வரைந்த படமும் நூலகம் ஏற்கும் செவ்வகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வெட்டுவது கேட்க எளிது. வாசலைவிட அகலமான கட்டிலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுவதுபோல என்று நினைத்துவிடலாம். ஆனால் படத்தில் பூட்டிய இடம் தெரியக்கூடாது. ஒரு புள்ளியின் நிறத்தை மென்மையாக்க வன்பொருள் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களைக் கலக்கிறது. துண்டின் ஓரத்தில் நான்கில் இரண்டு பக்கத்துத் துண்டில் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் வேறெதையாவது எடுத்தால் மெல்லிய கோடு ஒன்று படத்தின் குறுக்கே ஓடும். ஓப்பன்ஜிஎல்லின் பழைய ஓர விதி விளிம்பு நிறத்தையும் கலந்துவிடும். ஓரப் பிக்சலோடு நின்றுகொள் என்ற விதி 1998இல் 1.2 பதிப்பில்தான் வந்தது, அதுவும் தையலைக் குறைத்ததே ஒழிய அகற்றவில்லை. தூரத்தில் இருப்பதை வரைய, 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் முன்வைத்த மிப்மேப் முறையில் படத்தின் பாதி, கால், அரைக்கால் அளவுப் பிரதிகள் அடுக்காகத் தேவை. ஒவ்வொரு மட்டத்திலும் விளிம்பும் பாதியாகக் குறையும். மூன்று மட்டம்வரை ஒரு பிக்சலாவது காப்பு வேண்டுமென்றால் மூலப் படத்தில் எட்டுப் பிக்சல் விளிம்பு விட வேண்டும். துண்டு சிறியதாக இருந்தால் விளிம்புக்குக் கொடுக்கும் வரி அதிகம், பெரியதாக இருந்தால் நினைவகத்தில் வீண் சுமை அதிகம். இந்தப் பேரத்தைத் தீர்க்கும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது.

உள்ளே வரும் படத்துக்கு இருந்த வரம்பு வெளியே போகும் படத்துக்கும் இருந்தது. திரையைவிடப் பெரிய படத்தை, சுவரொட்டி அளவில், ஓப்பன்ஜிஎல்லைக் கொண்டு உருவாக்க விரும்பியவர்களுக்காக, ஓப்பன்ஜிஎல்லை மென்பொருளாகவே செயல்படுத்தும் மேசா நூலகத்தை எழுதிய பிரையன் பால் தனியாக ஒரு சிறு துணை நூலகம் செய்தார். பார்வைக் கூம்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காட்சியை மறுபடி வரைந்து, கடைசியில் சேர்ப்பது அதன் வேலை. விண்டோஸ் அச்சுக் கீற்றின் முப்பரிமாணத் தம்பி என்று சொல்லலாம். வடிவியல் கணக்கைப் பொறுத்தவரை இது அப்பழுக்கற்ற முறை. ஆனால் பிக்சல் அளவிலேயே தடிமன் சொல்லப்பட்ட கோடுகள் பெரிய படத்தில் மயிரிழையாக மெலிந்துவிடும். ஒளிப்பிழம்பைச் சுற்றிப் படரும் பிரகாசம், ஓரங்கள் இருளுவது போன்ற விளைவுகள் முழுச் சட்டகத்தையும் பார்த்த பிறகே போடப்படுபவை. கட்டம் கட்டமாக வரைந்தால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் தனித்தனியாக இருண்டு, படம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தெரிவதுபோல் வரும். வெட்டுவதை நூலகமே மறைவாகச் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எது தன் பக்கத்துப் பிக்சலை மட்டும் பார்க்கிறது, எது முழுப் படத்தையும் பார்க்கிறது என்பது வரைபவருக்குத்தான் தெரியும்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் சிறிய படத்தோடு தொடங்கிப் பெரிதானபோது தடுமாறியவர்கள். தொடக்கத்திலேயே எந்த நினைவகத்திலும் அடங்காத படத்தை எதிர்கொண்டவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். விமானப் பயிற்சிக்கான பாவிப்புக் கருவிகளில் தரை முழுவதும் ஒரே புகைப்படமாக விரிய வேண்டும். சிலிக்கான் கிராபிக்ஸில் கிறிஸ்டோபர் டேனர், கிறிஸ்டோபர் மிக்டால், மைக்கேல் ஜோன்ஸ் மூவரும் 1998 சிக்ராஃப் மாநாட்டில் விளக்கிய கிளிப்மேப் இந்தத் தேவைக்கானது. மிப்மேப் அடுக்கின் ஒவ்வொரு மட்டத்திலும் பார்ப்பவரைச் சுற்றிய குறிப்பிட்ட அளவுச் சதுரம் மட்டும் நினைவகத்தில் இருக்கும். விமானம் நகர நகர முன்னால் புதிய பட்டை சேரும், பின்னால் பழையது உதிரும், இருப்பதை நகர்த்தாமல் முகவரியைச் சுழற்றியே காரியம் நடக்கும். அதே ஆண்டில் முற்றிலும் வேறு துறையிலிருந்தும் இதே விடை வந்தது. மைக்ரோசாஃப்டில் ஜிம் கிரேயின் குழு தொடங்கிய டெராசர்வர், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் வான்படங்களையும் ரஷ்யச் செயற்கைக்கோள் படங்களையும் 200 × 200 பிக்சல் துண்டுகளாக, பல மட்டங்களில், தரவுத்தளத்தில் வைத்து இணையத்தில் கொடுத்தது. கிளிப்மேப் எழுதியவர்களில் ஜோன்ஸ் பின்னர் கீஹோல் நிறுவனத்துக்குப் போனார். 2004இல் கூகுள் அதை வாங்கியது, மறு ஆண்டு கூகுள் எர்த் வந்தது. அதே 2005 பிப்ரவரியில் வந்த கூகுள் மேப்ஸ் சதுரத் துண்டுகளை இணைய உலாவியில் அடுக்கியது. இங்கெல்லாம் துண்டுதான் அடிப்படை அலகு. முழுப் படம் என்பது துண்டுகளின் எண் முறைக்குக் கொடுத்த பெயர் மட்டும்.

இவ்வளவு தெளிவாக விடை கிடைத்த பிறகு, 2007க்குப் பின் வந்த கைப்பேசி உலகம் பழைய பாடத்தை முதலிலிருந்து படித்தது. முதல் ஐபோனின் வரைகலைச் சில்லு 1,024 × 1,024க்கு மேல் டெக்ஸ்ச்சர் ஏற்காது. 2009இன் 3ஜிஎஸ் 2,048 ஆக்கியது. ஆப்பிளிடம் துண்டு துண்டாக வரையும் அடுக்கு ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் நிரலர் கைக்கு முதலில் எட்டியது, கோப்பின் பெயரைக் கொடுத்தால் முழுப் படத்தையும் விரித்துத் தரும் ஒற்றை அழைப்பு. ஆண்ட்ராய்டில் நடந்தது இன்னும் விநோதம். தொடக்கத்தில் வரைவதெல்லாம் மையச் செயலி என்பதால் நினைவகம் உள்ளவரை பெரிய படங்கள் தெரிந்தன. 2011இல் 3.0 பதிப்பிலிருந்து வரைகலைச் சில்லிடம் வேலை போனதும், 2,048ஐத் தாண்டிய படங்கள் திரையில் வெற்றிடமாயின. டெக்ஸ்ச்சராக ஏற்ற முடியாத அளவுக்குப் படம் பெரிது என்ற ஒற்றை வரி பதிவேட்டில் விழும். நிரல் நிற்காது, பயனருக்கும் எதுவும் தெரியாது. நூலகம் வேகமானது, அதே நிரல் உடைந்தது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் விரித்துத் தரும் வசதி அதே ஆண்டு 2.3.3 பதிப்பில் வந்திருந்தது. ஆனால் ஜேபெக் தன் பிக்சல்களை ஒன்றன்பின் ஒன்றாக, முந்தியதைப் படிக்காமல் பிந்தியது புரியாதபடி, சுருக்கி எழுதுகிறது. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுக்க முன்னால் உள்ளவற்றை ஒருமுறையாவது கடந்துதான் போக வேண்டும். 1992இன் டிஃப் 6.0 பட வடிவம் துண்டுகளாகவே சேமிக்கும் முறையைத் தரத்தில் சேர்த்திருந்தது. கைப்பேசிக் கேமராக்கள் தேர்ந்தெடுத்தது ஜேபெக்கைத்தான்.

எளிமைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று இங்கே வாதாடலாம். நூற்றில் தொண்ணூறு நிரல்களுக்குத் தேவை ஒரு சின்னம், ஒரு முகப்படம். அவர்களையும் துண்டு, மட்டம், விளிம்பு என்று அலைக்கழிப்பானேன்? முழுப் படத்தைத் தரும் அழைப்பு இருக்கட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அழைப்பு ஒரு வாக்குறுதி தருகிறது, எப்போது அதைக் காப்பாற்றாது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. ஓப்பன்ஜிஎல்லின் ஒத்திகை வசதியைப் போன்ற ஒன்று எளிய நூலகங்களில் இல்லாமல் போனதால், வரம்பைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்கள் வாடிக்கையாளரின் கைப்பேசியில் கண்டுபிடித்தார்கள்.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று, வன்பொருளே துண்டுமுறையை ஏற்றுக்கொண்ட பிறகு நடந்தது. ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் முன்னின்று வளர்த்த மெகாடெக்ஸ்ச்சர் முறையில், 2007இன் குவேக் வார்ஸ் விளையாட்டு தரை முழுவதையும் 32,768 × 32,768 பிக்சல் படமாக விரித்தது. சுருக்காமல் வைத்தால் அதுவே 3 கிகாபைட். 2011இன் ரேஜ் விளையாட்டு அதைப் பக்கத்துக்கு 1,28,000 என்ற அளவுக்குக் கொண்டுபோனது. துண்டு 128 × 128, சுற்றிலும் நான்கு பிக்சல் விளிம்பு, உள்ளே பயன்படுவது 120 × 120. அதாவது நூற்றில் பன்னிரண்டு பங்கு தையலுக்கே போய்விடுகிறது. திரும்பிப் பார்த்தால் சுவர் மங்கலாகத் தெரிந்து, அரை நொடி கழித்துத் துல்லியமாகும் என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எந்தத் துண்டு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிய, நிரலிலேயே எழுதிய முகவரி அட்டவணை வேண்டியிருந்தது. அந்த அட்டவணையைச் சில்லுக்குள் கொண்டுபோனது ஏஎம்டியின் ரேடியான் 7970. 2013இல் ஓப்பன்ஜிஎல்லும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டியும் அதைத் தரமாக்கின. இனி படத்தின் தேவையான 64 கிலோபைட் துண்டுகளுக்கு மட்டும் நினைவகம் கொடுத்தால் போதும், மற்றவை காலியாகவே கிடக்கலாம். நினைவகப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தக் காலி நிலத்தின் எல்லை? பழைய 16,384 தான். இடம் பிடிக்காத படத்துக்கும் அளவு வரம்பு அப்படியே நின்றது. நினைவகம்தான் காரணம் என்று சொல்வோர் இந்த ஓர் இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

அந்த 16,384க்கு ஒரு பொறியியல் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. டெக்ஸ்ச்சரில் ஓர் இடத்தைக் குறிக்க 0 முதல் 1 வரையிலான பின்ன எண்ணைக் கொடுக்கிறோம். 32 பிட் மிதவை எண்ணில் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட். 16,384 பிக்சலில் எது என்று சொல்ல 14 பிட் போய்விடும். மீதி 10 பிட்டில்தான் பிக்சலுக்குள் எந்த இடம் என்று சொல்லி மென்மையாக்க வேண்டும். பக்கத்தை இன்னும் நான்கைந்து முறை இரட்டித்தால் உருப்பெருக்கிப் பார்க்கும்போது படம் படிக்கட்டாக உடையும். ஆக இது யாரோ அசட்டையாக விட்ட எண் அல்ல. ஆனால் அந்தத் துல்லியம் ஏன் பற்றவில்லை என்று இன்னொரு படி கேட்டால், முழுப் படத்தையும் ஒரே 0-1 கோட்டில் அளக்க வேண்டும் என்ற வரையறையில்தான் போய் நிற்கிறது. துண்டின் எண்ணைத் தனி முழு எண்ணாகவும், துண்டுக்குள் இடத்தைத் தனிப் பின்னமாகவும் கொடுத்திருந்தால் 24 பிட் தாராளமாகப் போதும். கூகுள் மேப்ஸ் அதைத்தான் செய்கிறது.

கடைசியாக ஒரு வகை வரம்பு இருக்கிறது; அது வேறு இனம். சில கிலோபைட் கோப்பு, விரித்தால் பல கிகாபைட் ஆகும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட படங்கள் உண்டு. பிஎன்ஜி வடிவம் பக்கத்துக்கு 200 கோடிக்கு மேல் பிக்சல் அனுமதித்தாலும், லிப்பிஎன்ஜி நூலகம் தானாகவே பத்து லட்சத்தில் நிறுத்திக்கொள்வது இதற்காகத்தான். பைத்தான் மொழியின் பில்லோ நூலகம் 8,94,78,485 பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், இரட்டிப்பைத் தாண்டினால் மறுத்துவிடும். மர்மமாகத் தோன்றும் அந்த எண் ஒரு கிகாபைட்டில் காற்பங்கை, பிக்சலுக்கு மூன்று பைட் என்று வகுத்தால் வருவது. இவற்றைக் காட்டி, வரம்பே நல்லது, அதைத் தாண்டும் வழி தேடுவது ஆபத்து என்று சொல்வோர் உண்டு. ஆனால் இந்த வரம்புகள் ஏன் இருக்கின்றன என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது. தன் கோப்பை நம்புகிறவர் ஒரு வரியில் உயர்த்திக்கொள்ளலாம். தாண்டினால் நூலகம் வாய்விட்டுச் சொல்கிறது. விண்மீன் படத்தைத் திறக்கும் வானியலாளரும் முன்பின் தெரியாதவர் ஏற்றும் படத்தை வாங்கும் இணையதளமும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. குவிக்டிராவின் 4,095இல் இப்படி எந்தப் பேச்சுவார்த்தைக்கும் இடமிருக்கவில்லை.

2016இல் ஓப்பன்ஜிஎல்லின் வாரிசாக வல்கன் வந்தபோது குறைந்தபட்ச உத்தரவாதம் 4,096 என்று எழுதப்பட்டது. அதே ஆண்டின் என்விடியா கார்டுகள் 32,768 வரை ஏற்றன. எட்டு மடங்கு இடைவெளி. எல்லாக் கருவியிலும் ஓட வேண்டிய நிரலை எழுதுபவர் சிறிய எண்ணை நம்பித்தான் எழுத வேண்டும், அதாவது வெட்டித்தான் ஆக வேண்டும். இணைய உலாவிகளின் வரைபலகை இன்னும் மோசம். ஐபோன் சஃபாரியில் பல ஆண்டுகள், பரப்பு 1,67,77,216 பிக்சலைத் தாண்டினால் வரைந்தது எதுவும் தெரியவில்லை. பிற உலாவிகளில் வேறு வேறு எண்கள். எந்த எண் என்று கேட்க நேரடி வழி கிடையாது. அதனால் இணைய நிரலர்கள் பெரிய பலகை ஒன்றை உருவாக்கி, கடைசி மூலையில் ஒரே ஒரு பிக்சலை வரைந்து, அதைத் திரும்பப் படித்துப் பார்த்து, வந்ததா இல்லையா என்று கண்டுகொள்கிறார்கள். 1.1 பதிப்பில் ஓப்பன்ஜிஎல் ஒரு கேள்வியாகவே கொடுத்திருந்ததை இவர்கள் இன்று மூலையில் புள்ளி வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.